இங்கிலாந்து தேவாலயப் பதிவேடுகளில் முன்னோரைத் தேட

இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் திருச்சபைப் பதிவேடுகளே கதி. முதலில் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பிறந்த ஊரின் பெயர் அதில் இருக்கும். 1841 கணக்கெடுப்பில் ஊர் கிடையாது, வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதியிருப்பார்கள்.

ஊர் தெரிந்ததும் ஞானஸ்நானப் பதிவுக்குப் போகலாம். அதிலிருப்பது பொதுவாக ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. சில குடும்பங்கள் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுத்ததும் உண்டு. 1813 முதல் அச்சிட்ட படிவம் என்பதால் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் கிடைக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திருமணப் பதிவேடுதான் வழி. பெரும்பாலும் மணப்பெண்ணின் ஊரில் தேடுங்கள்.

பலர் சறுக்குவது ஆண்டில். 1752க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. ஆகவே பதிவேட்டில் '1720 பிப்ரவரி' என்றால் நம் கணக்கில் 1721. இரண்டையும் '1720/21' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் பொருந்தியதும் மகிழ்ந்துவிடாமல் அடக்கப் பதிவேட்டையும் பாருங்கள். அந்தக் குழந்தை சிறுவயதிலேயே இறந்து, அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்திருக்கலாம். பக்கங்கள் அழிந்திருந்தால், ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய நகல்களை அந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.