தாளும் போச்சு, மாதமும் போச்சு: கையால் அனிமேஷன் வரைகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மாலையானால் முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடிக்கு நாலைந்து பேர் வருவார்கள். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பையன், பாகூரிலிருந்து ஒரு பெண், கடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் இரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே ஆசை: கையால் வரைந்த படம் எடுக்க வேண்டும். 2004இல் சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில், அடியில் விளக்கு எரிய, மேலே தாள் வைத்து வரையும் லைட் பாக்ஸ்களையெல்லாம் சுவரோரமாக அடுக்கிவிட்டு, 3டி கற்றுக்கொள்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சொன்னார்கள். அன்றைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய எனக்கு, இருபது வருடம் கழித்து இப்படி ஒரு கூட்டம் மாடிப்படி ஏறி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சந்தோஷம்தான். ஆனால் நான் விழுந்த அதே பள்ளத்தில் ஒவ்வொருவராக வந்து விழுவதைப் பார்க்க எரிச்சலாக வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தாளுக்கு எண் போடு, ஃபைலுக்கு காப்பி எடுத்து வை என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை சுட்டால் தானாகப் படிந்துவிடும்.

அழகான தாள் வாங்குவது

இது புதுச்சேரிக்காரர்களுக்கே உரிய தவறு. அரவிந்தர் ஆசிரமத்தின் ஹேண்ட்மேட் பேப்பர் ஆலை 1959 முதல் இங்கே இருக்கிறது. பூவிதழ் பதித்தது, பளிங்குக் கோலம் போட்டது என்று அங்கே கிடைக்கும் தாள்களைப் பார்த்தால் யாருக்கும் கை ஊறும். பாகூர்ப் பெண் முதல் நாள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். லைட் பாக்ஸில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தோம். கீழே இருந்த கோடு மருந்துக்கும் தெரியவில்லை. தாளில் குறையில்லை, அது வேறு வேலைக்கான தாள். அடியில் இருப்பது தெரிந்தால்தானே அடுத்த அசைவை வரைய முடியும்? 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் போதும்.

அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் கடல்காற்று சும்மா இருக்காது. மே மாதம் துளை போட்ட தாளும் ஐப்பசி மழையில் துளை போட்ட தாளும் ஒரே பெக் பாரில், அதாவது தாள் நகராமல் பிடிக்கும் குச்சிக் கட்டையில், ஒன்றாக உட்காரா. தாள் ஈரத்தில் உப்பும், துளை தளரும், வரைந்த ஆள் திரையில் நடுங்குவார். ஒரு காட்சிக்கு வேண்டிய தாள் அத்தனையையும் ஒரே நாளில் துளை போட்டு, மூடி இறுக்கமான தகரப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வெளிநாட்டு பெக் பார் வேண்டாம். ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் 6 மி.மீ. துளைக்கும் 80 மி.மீ. இடைவெளிக்கும் ஏற்றபடி, ஒரு கட்டையில் இரண்டு குச்சி அடித்துத் தரச் சொன்னால் எந்த ஆசாரியும் செய்து தருவார்.

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரைவது

உட்காராதீர்கள்.

முடிவாகாத காட்சிக்கு கிளீன்-அப் போடுவது

இதற்காகத்தான் இவ்வளவும்.

முதலில் ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் கட்டம் கட்டமாகக் கிறுக்கிப் பார்ப்பது. அதை ஒலியோடு சேர்த்து நேரக் கணக்கில் ஓட்டினால் அனிமேட்டிக். அப்புறம் முக்கியமான நிலைகளைக் கிறுக்கலாக வரைந்து ஓட்டிப் பார்க்கும் பென்சில் டெஸ்ட். அசைவு சரியாக இருந்தால் இடைப்பட்ட தாள்கள், அதாவது இன்பிட்வீன். அதற்கும் பிறகுதான் கோட்டைச் சுத்தமாக இழுக்கும் கிளீன்-அப், கடைசியில் வண்ணம். இந்த வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். கேட்டால் ஒப்பிப்பார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் காட்சியை எடுத்து, மை போட்டு, வண்ணமும் தீட்டி முடித்துவிட்டு வந்து நிற்பார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததே, அதை வைத்து 7 நிமிடப் படம். கடலூர் முதுநகரில் மீன் விற்கும் ஒரு கிழவி, மறுநாள் காலையில் காற்று கொண்டுபோன தன் கூடையைத் தேடி, சாய்ந்து கிடக்கும் முந்திரியையும் பலாவையும் தாண்டித் தாண்டி நடக்கிறாள். கதை மனதில் தெளிவாக இருந்தது. மனதில் இருக்கும்போது எல்லாக் கதையும் தெளிவாகத்தான் இருக்கும்.

புயலிலிருந்து ஆரம்பித்தேன். தென்னை மட்டை சுழல்கிறது, அலை எழும்புகிறது, ஓலைக்கூரை பிய்கிறது. மொத்தம் 68 வினாடி. வினாடிக்கு 12 தாள் என்றால் 816. அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தாலும் 700க்குக் குறையவில்லை. நாளைக்கு 15 தாள் கிளீன்-அப் ஆனாலே எனக்கு நல்ல நாள். ரஃப், கிளீன்-அப், வண்ணம் எல்லாம் சேர்ந்து ஐந்து மாதம் ஓடிவிட்டது. மட்டையின் ஒவ்வொரு கீற்றையும் தனித்தனியாக இழுத்தேன். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் கோடுகளில் ஒரு குறை சொல்ல முடியாது.

மீதிக் காட்சிகளை வெறும் ஸ்டோரிபோர்டாக ஒட்டி, முதல்முறையாக முழுப் படத்தையும் ஓட்டியபோது முதுநகர் அத்தை பக்கத்தில் இருந்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். "ஏண்டி, புயல் எப்படி அடிச்சுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? கிழவி எப்ப வருவா?" என்றாள்.

கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த 68 வினாடியை எடுத்துவிட்டு, கிழவி கதவைத் திறக்கும் இடத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன். படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெளியே என்ன நடந்தது என்பது அவள் முகத்திலேயே இருந்தது. ஐந்து மாத வேலை கட்டிலுக்கு அடியில் போனது.

இது ஏன் எனக்கு நடந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். சென்னையில் நாங்கள் செய்ததெல்லாம் வெளிநாட்டு டிவி தொடர்களுக்கான வேலை. ஸ்டோரிபோர்டு அங்கிருந்து வரும். எந்தத் தாள் எத்தனை ஃப்ரேம் நிற்க வேண்டும் என்று குறித்த எக்ஸ்-ஷீட்டும் அங்கிருந்தே வரும். நாங்கள் இடைப்பட்டதை நிரப்பி, கோட்டைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவோம். சம்பளம் தாள் கணக்கில். நான்கு வருடத்தில் என் கை பழகியது கிளீன்-அப்புக்குத்தான். ஒரு காட்சி எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், அது இருக்கவே வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்டதேயில்லை. சொந்தப் படம் எடுக்க உட்கார்ந்தபோதும் கை தனக்குத் தெரிந்த வேலையைத்தான் தேடிப் போனது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவர்களுடைய காரணம் வேறு. கிளீன்-அப் சுகமான வேலை. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாம், மூளைக்கு வேலையில்லை, நாள் முடிவில் அடுக்கிய தாளைப் பார்த்தால் சாதித்த மாதிரி இருக்கும். அனிமேட்டிக் அப்படியில்லை. அதை ஓட்டினால் நம் கதை எங்கே இழுக்கிறது என்று முகத்தில் அறைகிற மாதிரித் தெரியும். அதற்குப் பயந்துதான் மை போடுகிறார்கள். போதாததற்கு, சுத்தமான ஒரு ஃப்ரேமை இன்ஸ்டாவில் போட்டால் இருநூறு லைக் வரும். கிறுக்கலுக்கு யார் லைக் போடுவார்கள்?

பெரிய கைகளும் இதில் தப்பவில்லை. ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1988இல் வெளியான 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தின் அனிமேஷனுக்காக ஆஸ்கர் வாங்கியவர். அவர் 2001இல் வெளியிட்ட கைநூல்தான் எங்களுக்கெல்லாம் பாடப்புத்தகம். அப்படிப்பட்டவர் 'தி தீஃப் அண்ட் த காப்ளர்' என்ற தன் கனவுப் படத்தை 1964 வாக்கில் தொடங்கினார். தனித்தனிக் காட்சிகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், பல இடங்களில் வினாடிக்கு 24 தாள். ஆனால் முழுப் படத்துக்குமான ஸ்டோரிபோர்டைப் போட்டு, கதையை இறுக்கிக்கொண்டு வரைந்த படமில்லை அது. 1992இல், ஏறக்குறைய 15 நிமிடம் பாக்கி இருந்தபோது, படத்துக்கு உத்தரவாதம் கொடுத்த நிறுவனம் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. வேறு ஆட்கள் வெட்டி ஒட்டி முடித்த வடிவம் 1993இல் வெளியானது. பணம், கெடு, தயாரிப்பாளர்கள் என்று அதற்குப் பல காரணம் உண்டுதான். ஆனாலும் அந்தப் படத்தின் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தென்னை மட்டைதான் நினைவுக்கு வரும்.

சரி, என்ன செய்யலாம்? ஸ்டோரிபோர்டைப் போனில் படம் பிடியுங்கள். எடிட்டிங் ஆப்பில் வரிசையாகப் போடுங்கள். வசனத்தை நீங்களே பேசிப் பதியுங்கள், குரல் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. அனிமேஷன் தெரியாத மூன்று பேருக்கு ஓட்டிக் காட்டுங்கள். படத்தைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் கை தன் போனைத் தேடுகிறதோ அந்த இடம் போக வேண்டும். இப்படி இரண்டு மூன்று சுற்று போன பிறகும் தாங்கி நிற்கும் காட்சிக்குத்தான் பென்சில் டெஸ்ட். அதற்கு முன்னால் மைப் பேனாவின் மூடியைத் திறக்கவே கூடாது. என் மாடியில் மைப் பேனாக்களை நானே வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறேன். போன மாதம் லாஸ்பேட்டைப் பையன் வீட்டிலிருந்தே நாற்பது தாளை மை போட்டுக் கொண்டுவந்தான். "அக்கா, இந்த ஒரு ஷாட்டை மட்டும் முடிச்சுடறேன்" என்றான். அந்த ஷாட் இப்போது அவன் படத்தில் இல்லை.

வினாடிக்கு 24 தாள்

வேண்டாம். 12 போதும். பல இடங்களில் 8கூடப் போதும்.

டிஸ்னி மாதிரி வரையப் பார்ப்பது

நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து செய்த வேலையை ஒற்றை ஆளாக நகலெடுக்கப் போனால் மூன்றாவது நிமிடத்தைத் தாண்ட மாட்டீர்கள். தனியாக நின்று ஜெயித்தவர்கள் தங்கள் கைக்கு எது முடியுமோ அதையே பாணியாக்கிக்கொண்டவர்கள். டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் குச்சி மனிதர்களை வரைந்தே 2012இல் ஒரு மணி நேரப் படம் கொடுத்து அழ வைத்தார். மும்பையில் கீதாஞ்சலி ராவ் தனியாக உட்கார்ந்து வரைந்து தீட்டிய 15 நிமிடக் குறும்படம் 'பிரின்டட் ரெயின்போ' 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசு வாங்கியது. அயர்லாந்தின் கில்கென்னி நம் கடலூரைவிடச் சின்ன ஊர். அங்கிருக்கும் கார்ட்டூன் சலூன் என்ற ஸ்டுடியோ 2020இல் 'வுல்ஃப்வாக்கர்ஸ்' படம் எடுத்தபோது, காட்டிலும் ஓநாய்களிலும் பென்சிலின் கிறுக்கல் கோடுகளை அழிக்காமல் அப்படியே விட்டுவைத்தது. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கிளீன்-அப் பைத்தியம் பிடித்தவர்கள் அதை இரண்டு முறை பார்க்கவும்.

கம்ப்யூட்டர்தான் பென்சிலைக் கொன்றது என்று நம்புவது

வருகிற எல்லோரும் இந்தக் கதையோடுதான் வருகிறார்கள். 1995இல் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த 'டாய் ஸ்டோரி' வந்தது, எல்லாம் முடிந்தது என்று. கணக்கைப் பாருங்கள். 2002இல் டிஸ்னி வெளியிட்ட கைவரைப் படங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா ஸ்டுடியோவில் சுமார் 80 மில்லியன் டாலரில் எடுத்த 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்', நீர்வண்ணப் பின்னணியோடு, போட்டதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வசூலித்தது. சுமார் 140 மில்லியனில் எடுத்த 'ட்ரெஷர் பிளானட்' போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. இரண்டிலும் ஆட்களைக் கையால்தான் வரைந்தார்கள். அடுத்த வருடம் ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோவின் கைவரைப் படம் 'சிந்துபாத்' பெரும் நஷ்டம். அதே 2003இல் ஜப்பானிலிருந்து வந்த கைவரைப் படம் 'ஸ்பிரிட்டட் அவே' ஆஸ்கர் வாங்கியது. பிறகு 2004 ஜனவரியில் டிஸ்னி எந்த ஸ்டுடியோவை மூடியது தெரியுமா? லிலோவை எடுத்த அதே ஃபுளோரிடா ஸ்டுடியோவை.

ஸ்டுடியோக்காரர்கள் கருவியின் மேல் பழியைப் போட்டார்கள். அந்தக் கதையை நாமும் நம்பினால், நம் படம் இழுக்கும்போது கையால் வரைந்தது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு தப்பித்துவிடுவோம்.

தாளா, டேப்லெட்டா என்று சண்டை போடுவது

இரண்டும் கைதான். கிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளே 2016 முதல் ஓப்பன்டூன்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் நானே டேப்லெட்டுக்கு மாறிவிடுவேன்.

பிடித்த பாட்டைப் பின்னணியில் வைத்துவிட்டு அப்புறம் உரிமை கேட்கப் போவது

நீனா பேலி 2008இல் 'சீதா சிங்ஸ் த புளூஸ்' எடுத்தார். வீட்டில் உட்கார்ந்து ஒருவரே முடித்த முழுநீளப் படம். அதில் வரும் பாட்டுகள் 1920களின் பழைய இசைத்தட்டுகள். பதிவுக்குத் தடை இல்லை, ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை இன்னும் உயிரோடு இருந்தது. அதற்கு 50,000 டாலர் அழ வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கே உதடசைத்து வரைகிறார்கள். உதட்டை மாற்ற வேண்டும் என்றால் மறுபடி எத்தனை தாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒதுக்கிய தாளை எடைக்குப் போடுவது

போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பழைய பேப்பர் கடைக்காரர் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன விலையைக் கேட்டதும் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்பக்கமெல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் பென்சில் டெஸ்ட்டுக்கு ஆகாது, லைட் பாக்ஸில் வைத்தால் தென்னை மட்டை முழுசாகத் தெரிகிறது. ஸ்டோரிபோர்டு கிறுக்குவதற்கு மட்டும் ஆகிறது. சனிக்கிழமை ஆளுக்குப் பத்துத் தாள் கொடுக்கிறேன். இன்னும் பாதிக் கட்டு இருக்கிறது.