ட்ரையேஜ் அட்டை வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

புதிதாகத் தொடங்கும் முதலுதவிக் குழுக்கள் ட்ரையேஜ் அட்டை (யாருக்கு முதலில் சிகிச்சை என்று நிறத்தால் காட்டக் காயக்காரர் உடம்பில் கட்டும் அட்டை) வாங்கக் கிளம்பினால், முன்பு இருந்தவர்கள் விட்ட அதே பிழைகளை அப்படியே விடுகிறார்கள். கொழும்புக்கு இது புதிய பாடம் இல்லை. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், காயக்காரர் ஒரேயடியாக வந்து குவிந்தால் என்ன ஆகும் என்று காட்டிவிட்டன. சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை நடக்கக்கூடியவர், கறுப்பு இறந்தவர் அல்லது பிழைக்க வழியில்லாதவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுவோம்.

கிழிக்கும் அட்டை

அடியில் பச்சைப் பட்டி, அதற்கு மேல் மஞ்சள், பிறகு சிவப்பு, உச்சியில் கறுப்பு. வேண்டிய நிறம் அடியில் வரும்வரை கீழிருந்து கிழிக்க வேண்டும். மேசையில் வைத்துப் பார்த்தால் கெட்டிக்கார யோசனைதான், ஆனால் கிழித்தது திரும்ப ஒட்டாது. மஞ்சள்காரர் மோசமானால் இன்னொரு பட்டியைக் கிழித்துச் சிவப்பாக்கலாம், சரி. சிவப்புக்காரருக்கு இரத்தப்போக்கு நின்று நிலைமை தேறினால்? புது அட்டை, புது இலக்கம், எல்லாம் முதலிலிருந்து. அந்த அவசரத்தில் பழையதை யாரும் கழற்றுவதில்லை. கையில் ஒன்று, காலில் ஒன்று என்று இரண்டு அட்டையோடு ஆள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் தாதி எதை நம்புவார்? கணக்கிலும் ஒருவர் இருவராகிவிடுவார்.

இதைவிட மோசமானதை வெள்ளவத்தையில் ஒரு ஒத்திகையில் பார்த்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, கையுறையெல்லாம் ஈரம். ஒரு தங்கச்சி சிவப்புவரை கிழிக்கப் போனார். துளைக்கோடு ஊறிப்போய் இருந்ததால் சிவப்பும் சேர்ந்து வந்துவிட்டது. மிஞ்சியது கறுப்பு. உதிரி அட்டைக் கட்டு வேறொருவரிடம் இருந்தது, "பிறகு மாத்துறன்" என்றுவிட்டு அடுத்த ஆளிடம் ஓடிவிட்டார். பின்னால் வந்த தூக்குபடுக்கைக்காரர்கள் கறுப்பைப் பார்த்துத் தாண்டிப் போனார்கள். காயக்காரராக நடித்த பொடியன் "அண்ணை, எனக்கு மூச்சு இருக்கு" என்று கத்தினான், கூடுதலாக நடிக்கிறான் என்று ஒருவரும் திரும்பவில்லை. தேநீர் நேரத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த முறை வாங்கியதும் அதே அட்டைதான். விலை குறைவாம்!

மடிக்கும் அட்டையை வாங்குங்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் பொலித்தீன் உறைக்குள் இருக்கும், வேண்டிய நிறம் வெளியே தெரிய மடித்தால் போதும், மேலேயும் போகலாம் கீழேயும் வரலாம், இலக்கமும் குறிப்பும் மாறாது. ஒரு குறை உண்டு: சொந்தக்காரர் யாராவது களவாகச் சிவப்பாக மடித்துவிடலாம். அதனால் நிறம் மாற்றும்போது நேரமும் கையொப்பமும் போட இடமுள்ள அட்டையாகப் பாருங்கள்.

முதல் சுற்றிலேயே எல்லாம் எழுத நினைப்பது

1980களில் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான, காயக்காரரைச் சட்டென்று நிறம் பிரிக்கும் ஸ்டார்ட் (START) முறையில் ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. நடக்கிறாரா, மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டுகிறதா, மணிக்கட்டில் நாடி இருக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். இதற்குள் பெயர், விலாசம், ஒவ்வாமை என்று பெட்டி பெட்டியாக அச்சடித்த அட்டையை யார் நிரப்புவது? கூட்டத்தில் காட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான். முதல் சுற்றுக்குப் புறக்கோட்டையில் வாங்கும் நிற ரிப்பன் போதும். அப்புறம் சிகிச்சை இடத்தில் அட்டை கட்டலாம்.

நிறத்தை மட்டும் நம்புவது

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் நல்ல கண்ணும் தடுமாறும். நிறத்தோடு பெரிய இலக்கமும் வேண்டும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொல்லும் வேண்டும்.

உடுப்பில் கட்டுவது

உடுப்பை வெட்டி எறிந்துவிடுவார்கள். காயமில்லாத கையில் அல்லது காலில் கட்டுங்கள்.

ரப்பர் பட்டி

கொழும்பு வெக்கையில் அலுமாரிக்குள் கிடந்து பிசுபிசுத்துவிடும். நூல்தான்.

மாதிரி பார்க்காமல் ஓர்டர் கொடுப்பது

ஓர் அட்டையை வாங்கி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரக் கையுறையோடு அதில் எழுதிப் பாருங்கள். குமிழ்முனைப் பேனை எழுதாது. பென்சிலும் மார்க்கரும் பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், வழுவழுப்பான சில அட்டைகளில் பென்சிலும் பிடிக்காது. மாதிரி தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.