பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மேற்படிப்பு: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதை ஒரே துறை என்று நினைப்பது. செயற்கை மூட்டை வடிவமைப்பவர், எம்.ஆர்.ஐ. படத்தைத் தெளிவாக்க நிரல் எழுதுபவர், ஆய்வகத்தில் திசு வளர்ப்பவர் எல்லோரும் வாங்குவது இதே பெயருள்ள பட்டம்தான். படிக்க வேண்டியது வேறு வேறு. தரவரிசையைப் பார்த்துப் பல்கலைக்கழகத்தை முடிவு செய்துவிட்டு, அப்புறம் அங்கே என்ன ஆய்வு நடக்கிறது என்று தேடுவது தலைகீழ் வேலை. திசுப் பொறியியலில் கொடிகட்டிப் பறக்கும் இடத்தில் மூளை அலைகளை ஆராய ஒருவர்கூட இல்லாமல் போகலாம். முதலில் உட்பிரிவு, பிறகு அதில் அண்மையில் கட்டுரை வெளியிட்டிருக்கும் பேராசிரியர்கள், கடைசியில்தான் பல்கலைக்கழகத்தின் பெயர்.

அடுத்தது முன்தகுதிப் பாடங்கள். உயிரியல், மருந்தியல் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும் இடிக்கும். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு உடலியங்கியல் இருக்காது. சில இடங்களில் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டு, விடுபட்ட பாடங்களை முடிக்கச் சொல்வார்கள். அவை பட்டத்துக்கான கிரெடிட்டில் சேராவிட்டால் காலமும் கட்டணமும் கூடும். தேவையான பாடத்தைப் படித்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. மதிப்பெண் பட்டியலில் 'பொறியியல் கணிதம் 3' என்று மட்டும் இருந்தால், அதற்குள் என்ன இருந்தது என்று தேர்வுக் குழுவுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் கொடுக்கப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்திருங்கள்.

முதுநிலைக்கும் பிஎச்.டி.க்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். அமெரிக்காவில் இளநிலை முடித்தவுடனேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பெரும்பாலும் உதவித்தொகையும் கட்டண விலக்கும் கிடைக்கும். முதுநிலை பெரும்பாலும் சொந்தச் செலவுதான். ஜெர்மனியில் வழக்கமாக முதுநிலை முடித்திருக்க வேண்டும், பிஎச்.டி. பல நேரங்களில் சம்பளத்தோடு கூடிய வேலையாகவே வரும்.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ. விஷயம் சின்னது. 2020க்குப் பிறகு பல துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன, சில இடங்களில் அனுப்பினாலும் பார்க்க மாட்டார்கள். துறையின் பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டு செல்லும், ஆங்கிலத் திறன் தேர்வுகளான டோஃபலும் ஐ.இ.எல்.டி.எஸ்ஸும் 2 ஆண்டுதான்.

ஏன் இதைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதும் நோக்க அறிக்கையில் "சிறு வயது முதலே மருத்துவத்தில் ஆர்வம்" என்ற வரியைப் படித்துப் படித்துத் தேர்வுக் குழுவினர் சலித்திருப்பார்கள். இ.சி.ஜி. சிக்னலில் இருந்த இரைச்சலை எந்த வடிகட்டியால் குறைத்தீர்கள், அது எங்கே தோற்றது என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். "நல்ல மாணவர்" என்று இரண்டு வரி எழுதும் துறைத் தலைவரைவிட, உங்கள் புராஜெக்டை அருகிலிருந்து பார்த்தவர் எழுதுவது மேல்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது: முதலில் வந்த அழைப்புக்கு அவசரமாகச் சரி சொல்வது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லாமல் இருக்கலாம். அதை ஏற்றுக்கொண்டவற்றின் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்ற முடிவுகள் வரும்வரை காத்திருங்கள்.