பிலாக்ஸி ப்ளூஸ் நாடகம் படிக்கிறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நாடக ஆசிரியர் நீல் சைமனோட பிலாக்ஸி ப்ளூஸை வருஷா வருஷம் புதுப் பசங்களோட உக்காந்து படிக்கிறேன், வருஷா வருஷம் அதே இடத்துல அதே மாதிரி சறுக்குறாங்க. பேரைத் தப்பா எழுதுறது, வருஷத்தை மாத்திப் போடுறது மாதிரி விஷயமெல்லாம் நீங்களே பாத்து திருத்திக்குவீங்க, விடுங்க.

கதை தெரியாதவங்களுக்கு: 1943, ரெண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருக்கு. ப்ரூக்ளின்ல இருந்து யூஜின்னு ஒரு யூதப் பையன், கூட எப்ஸ்டீன்னு ஒருத்தனும் இன்னும் சில பசங்களும், ரயிலேறி மிசிசிப்பில இருக்கிற பிலாக்ஸிக்கு ராணுவப் பயிற்சிக்குப் போறாங்க. அங்க அவங்களுக்குப் பயிற்சி குடுக்கிற ஆள் சார்ஜென்ட் டூமி. யூஜினுக்கு மூணே ஆசை: எழுத்தாளன் ஆகணும், சண்டைல சாகக் கூடாது, கன்னி கழியணும்.

யூஜின் சொல்றதை அப்படியே நம்புறது

எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான். யூஜின் நம்மகிட்ட நேரா பேசுறான், சிரிக்க வைக்கிறான், அதனால முதல் பக்கத்துலயே அவன் கட்சில சேந்துடுறோம். அப்புறம் கட்டுரைல என்ன வரும்? யூஜின் நல்லவன், சார்ஜென்ட் டூமி கெட்டவன், எப்ஸ்டீன் காமெடி பீஸ். முடிஞ்சுது. ஒரு தடவை செமினார்ல நல்லா படிக்கிற பையன் ஒருத்தன் யூஜினோட நக்கலைப் பத்தியே முழு நேரமும் பேசினான், நல்லாத்தான் பேசினான், கடைசில அந்த நோட்டு சீனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேப்பான்னு கேட்டா, "அது சின்ன சீன்தானே சார்"னான். எனக்கு வந்துச்சே கோவம்.

அந்த சீன்ல என்ன நடக்குதுன்னு பொறுமையா பாருங்க. யூஜின் கூட இருக்கிறவங்களைப் பத்தியெல்லாம் ரகசியமா நோட்டுல எழுதிட்டு வர்றான். ஒருநாள் அது மத்தவங்க கைல சிக்கிடுது. எப்ஸ்டீன் தன்பாலீர்ப்பு உள்ளவன்னு நினைக்கிறேன்னு அதுல எழுதியிருக்கு. ஆதாரம் ஒண்ணும் கிடையாது, வெறும் நினைப்பு. ஆனா எழுத்துல வந்துடுச்சு, அதனால பசங்க தங்குற பாரக்ஸ்ல எல்லாரும் நம்பிடுறாங்க. அன்னைக்கு அமெரிக்க ராணுவத்துல அது குற்றம், பேர் அடிபட்டாலே ஆள் காலி. கடைசில ராணுவம் பிடிச்சிட்டுப் போறது ஹென்னஸியைங்கிற வேற பையனை, அவன் மேல யாருக்கும் சந்தேகமே இல்ல. யூஜின் பக்கத்தைக் கிழிக்கப் போறப்போ தடுக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க, பாதிக்கப்பட்ட அதே எப்ஸ்டீன்தான், நினைச்சதை எழுதப் பயந்தா நீ சுமாரான எழுத்தாளனாத்தான் இருப்பேங்கிற மாதிரி சொல்றான். அதே ஆள்தான் யூஜின்கிட்ட நீ எதுலயும் இறங்காம ஓரமா நின்னு வேடிக்கை பாக்குறேன்னும் சொல்றான். நாடகத்தோட முதுகெலும்பே இங்கதான் இருக்கு, இதைச் சின்ன சீன்னு தாண்டிட்டா மிச்சம் எல்லாம் முகாம் ஜோக்குதான்.

இதை மனசுல வெச்சிட்டு கடைசிப் பேச்சுக்குப் போங்க. யூஜினுக்கு முதுகுல அடி, சண்டையே பாக்காம ராணுவப் பத்திரிகைல எழுதுற வேலை கிடைக்குது. எப்ஸ்டீன் போர்ல காணாமப் போயிடுறான். கூட இருந்த பசங்கள்ல எப்பவும் பாடிட்டே இருந்த கார்னி அப்புறம் பாடுறதே இல்ல. இத்தனையையும் நமக்குச் சொல்றது அதே யூஜின்தான், அதே சரளமான குரல்லதான். ரெண்டாவது தடவை படிக்கிறப்போ அவன் நம்மகிட்ட பேசுற பகுதிகளை மட்டும் விட்டுட்டு படிச்சுப் பாருங்க, எப்ஸ்டீன் தன்னால நடுவுல வந்து நிப்பான்.

டூமியை வெறும் வில்லனா பாக்குறது

மண்டைல இரும்புத் தகடு வெச்சிருக்கிற ஆள். ஆஸ்பத்திரிக்குப் போகப்போற முந்தின ராத்திரி குடிச்சிட்டு துப்பாக்கியோட எப்ஸ்டீன் முன்னாடி நிக்கிறான், அது கடைசில எல்லார் முன்னாடியும் டூமி 200 புஷ்-அப் எடுக்கிறதுல போய் முடியுது. பசங்க அதைப் படிச்சிட்டு கை தட்டுறாங்க. நாடகத்துல பாரக்ஸ் பசங்க விளையாட்டா ஆசையைச் சொல்ற சீன்ல எப்ஸ்டீன் கேட்டதும் இதேதான், ஆனா அது கைக்கு வர்றப்போ எதிர்ல இருக்கிறது உடைஞ்சு போன ஒரு மனுஷன். வெற்றின்னு எழுதுறதுக்கு முன்னாடி அந்த சீனை வாய்விட்டுப் படிங்க.

படத்தைப் பாத்துட்டு பரீட்சை எழுதுறது

1988ல வந்த படத்துக்கு திரைக்கதையும் சைமன்தான், ஆனா முடிவு வேற. மாட்டிக்குவீங்க.

யூஜினைப் பத்தின மூணு நாடகத்துல இது ரெண்டாவது, முதல் நாடகம் படிக்காம இதைத் தொடக்கூடாதுன்னு நினைக்கிறது

தொடலாம்.