காமாலைப் பிள்ளையை வெயிலில் காட்டாதீர்கள்: புதுப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பிறந்து மூன்றாம், நான்காம் நாளில்தான் பெரும்பாலும் காமாலையின் மஞ்சள் ஏறும். தாயும் சேயும் வீடு திரும்பும் நேரமும் அதுதான். தொப்புளைத் துடைப்பது, ஏப்பம் விட வைப்பதெல்லாம் தாதியரே சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லியும் வீட்டுக்கு வீடு நடக்கிற தவறுகள் வேறு.

வெயிலில் காட்டுவது

இதைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. பலதுறை மருந்தகத்தில் காமாலைக்கான ரத்தச் சோதனைக்கு மறுநாள் நேரம் குறித்திருக்கும். "பச்சப் பிள்ளைக்கு ஊசியா? காலை வெயில்ல கொஞ்சம் காட்டும்மா, இறங்கிடும்" என்பார் பாட்டி. துணியில் சுற்றிய பிள்ளை வீவக அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் பத்து நிமிடம் கிடக்கும். சோதனை இரண்டு நாள் தள்ளிப் போகும்.

பாட்டி சொல்வது வெறும் கற்பனையும் இல்லை. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் தாதி ஜீன் வார்ட், வெயில் பட்ட தோல் வெளுத்திருப்பதையும் துணி மூடிய இடம் மஞ்சளாகவே இருப்பதையும் கவனித்தார். ஒளி சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆனால் அந்தச் சிகிச்சையில் 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, கண்ணையும் அரையையும் தவிர உடல் முழுதும், மணிக்கணக்கில் விழுகிறது. இடையிடையே ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். அதே பலன் வெயிலில் கிடைக்கும் அளவுக்குப் பிள்ளையை வெற்றுடம்போடு கிடத்தினால் தோல் புண்ணாகும், உடல் சூடேறும், நீர் வற்றும். நீர் வற்றினால் மஞ்சள் கூடும்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. வெயில் பட்ட தோல் மட்டும் வெளுத்து, முகம் தெளிந்ததுபோல் தோன்றும். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறிக்கொண்டே இருக்கலாம். இங்கே நாளைவிட மணிக்கணக்கு முக்கியம். லிட்டர் ரத்தத்துக்கு 200 மைக்ரோமோல் பிலிருபின் என்பது நிறைமாதப் பிள்ளைக்கு ஐந்தாம் நாளில் பெரும்பாலும் கவலைப்படும் அளவில்லை. பிறந்த 24 மணி நேரத்தில் அதே எண் சிகிச்சைக்குரியது. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால் எப்போதுமே காரணம் தேட வேண்டும்.

அளவு மிஞ்சினால் பிலிருபின் மூளைக்குள் இறங்கி, அசைவை ஆளும் பகுதியையும் செவி நரம்பையும் கெடுக்கும். அந்தச் சேதம் திரும்பாது. பாலுக்கு எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, முதுகை வில்லாக வளைப்பது, கீச்சென்று அழுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்காமல் உடனே குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கண்ணால் அளப்பது

நம் பிள்ளைகளின் மாநிறத்தில் மஞ்சள் ஒளிந்துகொள்ளும். ஈறையும் கண் வெள்ளையையும் பாருங்கள். அதுவும் மஞ்சள் இருக்கிறதா என்பதைத்தான் காட்டும்; எவ்வளவு என்பதைத் தோல்மேல் வைக்கும் கருவியோ குதிகால் ரத்தமோதான் சொல்லும்.

தண்ணீர், குளுக்கோஸ்

கொடுக்காதீர்கள். பிலிருபின் மலத்தில்தான் வெளியேறும்; அதற்குப் பால் வேண்டும், நாளுக்கு 8 முதல் 12 தடவை. ஐந்தாம் நாளில் ஆறு ஈர டயப்பராவது இருக்க வேண்டும், மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும்.

பாச்சை உருண்டை

சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால், பாச்சை உருண்டை போட்ட அலமாரியில் இருந்த பழஞ்சேலையைத் தொட்டிலுக்குக் கட்டாதீர்கள். அந்த நாப்தலின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மருத்துவரைக் கேட்காமல் மூலிகை மருந்தும் கூடாது.

"தாய்ப்பால் மஞ்சள்தானே"

14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால், தாய்ப்பாலால் வந்ததுதான் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீரால் டயப்பரில் கறை படிந்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம்.

வாக்கர்

வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, பிள்ளை விழித்திருக்கும்போது, பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள்.

"இப்பவே நிக்கிறான் பாரு"

தூக்கிப் பிடித்தால் காலை விறைத்து நுனிவிரலில் நிற்கும் பிள்ளையைப் பலசாலி என்று கொண்டாடுகிறோம். எப்போதும் விறைப்பாகவே இருந்தால் அது பலம் இல்லை. நான்கு மாதத்தில் தலை நிற்காதது, மூன்று மாதம் தாண்டியும் கைவிரல்கள் மூடியே இருப்பது, துணிபோல் தொய்வது ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளைக்குப் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து மாதத்தை எண்ணுங்கள். காமாலை மிக அதிகமாக ஏறிய பிள்ளைக்குச் சாதாரணச் செவிச் சோதனையில் தேறியது போதாது. மூளைத்தண்டு வரை அளக்கும் ஏபிஆர் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.