பீச்சில் குடும்பத்தைக் கேண்டிடாக எடுக்கணுமா? முதலில் சுண்டல் வாங்கிக் கொடுங்கள்

“சார், போஸெல்லாம் வேணாம், நாங்க பாட்டுக்கு சும்மா இருக்கோம், நீங்க எடுங்க” என்று போனில் சொல்கிற அதே குடும்பம்தான், பீச்சில் கேமராவைப் பார்த்ததும் உயரவாரியாக வரிசையில் நின்று, கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி முறைக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. கேமரா முன்னால் சும்மா இருப்பது மாதிரி கஷ்டமான வேலை கிடையாது. அதனால் யாரையும் சும்மா இருக்கச் சொல்லாதீர்கள், கையில் ஏதாவது வேலையைக் கொடுங்கள். போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கிற கேண்டிட் படத்துக்கு எனக்குத் தெரிந்த ரகசியம் இவ்வளவுதான், மீதியெல்லாம் வெளிச்சமும் காற்றும் உப்பும்.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் முதல் சண்டையே வரும். சூரியன் கடலுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதே மாதிரி வேணும்” என்பார்கள். அது கோவாவிலோ கோழிக்கோட்டிலோ எடுத்ததாக இருக்கும். சென்னையில் கடல் கிழக்கே, சூரியன் இறங்குவது அபார்ட்மென்ட்களுக்குப் பின்னால். இதை அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நமக்குக் காலைதான். ஜூன் தொடக்கத்தில் 5:45-க்குள் சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் 6:35 வாக்கில். உதித்ததிலிருந்து முக்கால் மணி நேரம் தங்கம், எட்டு மணிக்கு மேல் எல்லாருடைய கண்ணும் சுருங்கி, மூக்குக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். குடும்பத்திடம் மட்டும் நிஜ நேரத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகச் சொல்லுங்கள், எப்படியும் ஒரு சித்தப்பா லேட்டாகத்தான் வருவார்.

நான் அதிகம் போவது பெசன்ட் நகர், ஞாயிற்றுக்கிழமை தவிர. ஞாயிறு காலையில் வாக்கிங் கூட்டம் ஃப்ரேமுக்குள் வந்துகொண்டே இருக்கும். அமைதி வேண்டுமென்றால் திருவான்மியூர், நீலாங்கரை.

உங்கள் முதுகுக்குப் பின்னால் கடல் இருந்தால், வெயில் அவர்கள் முகத்தில் நேராக விழும், பின்னணியில் மணலும் கட்டடமும் வரும். நீங்கள் கரைப்பக்கம் நின்று அவர்களுக்குப் பின்னால் கடலை வைத்தால் முடியோரத்தில் ஒளி கோடு போட்டமாதிரி ஓடும், ஆனால் முகம் இருட்டும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குகிற வெளிச்சத்தை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அவர்களை ஈர மணலில் நிறுத்தாமல் காய்ந்த மணலில் நிற்கவையுங்கள், வெளுத்த மணலே ரிஃப்ளெக்டர் மாதிரி முகத்துக்கு வெளிச்சம் தூக்கிக் கொடுக்கும். கடல்கோடு யாருடைய கழுத்தையும் வெட்டக்கூடாது, கொஞ்சம் குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகிவிடும். உட்காரத் தயங்காதீர்கள், இந்த வேலைக்கு நல்ல பேன்ட் போட்டுக்கொண்டு போகிறவன் நல்ல படம் எடுக்கமாட்டான்.

ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, நடக்கிற பெரியவர்களுக்கு 1/250 போதும். நான்கைந்து பேர் முன்னே பின்னே நிற்கும்போது அபர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் எண், எஃப் 4-க்குக் கீழே போகாதீர்கள், எண் குறைந்தால் முன்னே பின்னே நிற்பவர்கள் மங்கிவிடுவார்கள்; அம்மா ஷார்ப்பாகவும் மாமியார் மங்கலாகவும் வந்த படத்தை நான் ஒருமுறை கொடுத்துவிட்டு, அந்த வீட்டு அரசியலில் மாட்டிக்கொண்டேன். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் மோடில் இருக்கட்டும், ஃபைல் ராவில், அதாவது பின்னால் வெளிச்சத்தைத் திருத்த வசதியான மூல வடிவில். லென்ஸ் எனக்கு 70-200 எம்எம் ஜூம், தள்ளி நின்றால் அவர்கள் என்னை மறந்துவிடுவார்கள் என்பதால். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

சரி, குடும்பம் வந்து இறங்கிவிட்டது. முதல் வேலை, தாத்தா கேட்கிற வரிசைப் படத்தை எடுத்துவிடுங்கள். அதை எடுக்கும்வரை அவருக்கு நிம்மதி இருக்காது, “கேமராவைப் பாருடா” என்று பேரனை அதட்டிக்கொண்டே இருப்பார். எடுத்து முடித்து “ஓகே, முடிஞ்சது” என்று கேமராவை இறக்குங்கள், ஆனால் விரலை எடுக்காதீர்கள். அந்த நொடியில் எல்லாரும் மூச்சு விடுவார்கள், யாரோ யாருடைய முந்தானையையோ சரி செய்வார்கள், சின்னது அப்பா காலைக் கட்டிக்கொள்ளும். முதல் நல்ல படம் அங்கேதான்.

அப்புறம் வேலைகள். “அப்பா தோளில் ஏறு, கப்பல் தெரியுதா பார்.” “ரெண்டு பேரும் போய் ஆளுக்கு ஒரு சிப்பி பொறுக்கிட்டு வாங்க, யாருது பெருசுன்னு பாட்டி சொல்லட்டும்.” காலையில் எடுத்தால் சுண்டலை முந்தின நாளே அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லி டப்பாவில் கொண்டுவரச் சொல்லிவிடுவேன், சாயங்காலம் என்றால் பீச்சிலேயே தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் கிடைக்கும். ஒரு பொட்டலத்தை ஆறு பேருக்கு நடுவில் கொடுத்துப் பாருங்கள். அதில் மாங்காய் யாருக்கு என்ற பிரச்சினை தொடங்கியதும் கேமரா இருப்பதே மறந்துபோகும். போட்டோவுக்கு வரவே மாட்டேன் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற ப்ளஸ் டூ பையன் இருப்பான், அவனைக் கெஞ்சாதீர்கள். “தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் பிடி” என்று உதவியாளாகச் சேர்த்துக்கொண்டால் அரைமணியில் அவனே நடுவில் வந்து நிற்பான்.

ஒரு குடும்பத்தில் பாட்டி ஒருவர். “என்னை விடுப்பா, வயசான காலத்துல” என்று நடைபாதையைவிட்டு இறங்கவே இல்லை. நான் வற்புறுத்தாமல், “உங்க பேத்தி தண்ணிகிட்ட போறா, கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கோங்க” என்றேன். செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு இறங்கினார். மூன்றாவது அலை கொஞ்சம் பெரிது. காலடி மண்ணை அலை அரித்துக்கொண்டு போகும் அந்த நொடியில் செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது, பக்கத்தில் மகன் நின்றும் அவர் எட்டிப் பிடித்தது மருமகளின் தோளை. ரெண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்தடுத்து ஏழு ஃப்ரேம் எடுத்திருந்தேன், ஆறாவதில் மருமகள் பாட்டியைப் பார்க்கிறாள், பாட்டி செருப்பைப் பார்க்கிறார். இதையெல்லாம் சொல்லி வரவைக்க முடியாது. அலை வருகிற இடத்தில் ஆட்களை நிறுத்திவிட்டு நீங்கள் தயாராக இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் கணுக்கால் அளவு தண்ணீர்தான், அதற்கு மேல் யாரையும் விடாதீர்கள். பெசன்ட் நகரில் எல்லாரும் பின்னணிக்கு வைக்கிற அந்த வெள்ளை ஷ்மிட் நினைவுச்சின்னமே, 1930-ல் இந்தக் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியதுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கடல் இன்னும் முரட்டுத்தனமாக இருக்கும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி அலை மேலே ஏறி வரும். வ்யூஃபைண்டரில் கண் இருக்கும்போது உங்களுக்கு அலை தெரியாது, ஆகவே பெரியவர் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நான் படம் எடுத்தபடியே பின்னோக்கி நடந்துபோய் இடுப்பளவு நனைந்திருக்கிறேன், கேமராவைத் தலைக்கு மேல் தூக்கியதால் அது பிழைத்தது, பாக்கெட்டில் இருந்த போன் பிழைக்கவில்லை.

காற்றுக்கு ஒரு வார்த்தை. கோடையில் காலைக்காற்று பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்கு, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்கு. முகத்தில் முடி விழுந்து தொல்லை கொடுத்தால் கரையோரமாகப் பக்கவாட்டில் நடக்கச் சொல்லுங்கள். உடைக்கு நான் சொல்வது வெளிர் நிறத்தில் பருத்தி. பட்டுப்புடவை நனைந்தால் படமும் போச்சு புடவையும் போச்சு. ஃப்ளோரசன்ட் பச்சை டீ-ஷர்ட் வேண்டவே வேண்டாம், அந்தப் பச்சை தாடைக்குக் கீழே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பக்கத்தில் வலை இழுப்பவர்கள், பலூன் கடைக்காரர் எல்லாம் அழகாகத்தான் இருப்பார்கள், முகம் தெரிகிற மாதிரி எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். குழந்தைகள் படத்தை உங்கள் பேஜில் போடுவதற்கும் அப்பா அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்கப் பனி படர்ந்துவிடும், என் முதல் பீச் ஷூட்டின் நல்ல வெளிச்சத்தில் பாதி அப்படித்தான் துடைத்தே போனது. வரும்போதே ஏசியை அணைத்துவிட்டு, பையை மூடியபடி இருபது நிமிடம் விட்டுவைத்து எடுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் ப்ளோயரால் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் கேமரா பாடியைத் துடையுங்கள், உப்பு ஒருநாள் தங்கினாலும் பட்டன்கள் ஒட்ட ஆரம்பிக்கும். பையை வாசலிலேயே தலைகீழாகத் தட்டிவிடுங்கள். ஹாலில் தட்டினால் என்ன கிடைக்கும் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.