கடலோரச் சரளைப் பாதையில் மிதிவண்டிப் பயணம்: வழியை வகுப்பது எப்படி?

கடலோரமாக மிதிவண்டியில் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, வரைபடத்தைத் திறந்து நீலத்துக்கு மிக அருகில் ஓடும் கோட்டைத் தேடுவதுதான். என் அனுபவத்தில், பாதி நாளை விழுங்கிவிடுவது அந்தக் கோடுதான். கரையை ஒட்டிய இடத்தில் மணல் இளகிக் கிடக்கும். முகத்துவாரம் குறுக்கே வரும். காற்றைத் தடுக்க ஒரு மரம்கூட இருக்காது. கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, உறுதியான சரளையில் ஓடிக்கொண்டிருந்து, கடலைப் பார்க்கத் தக்க இடங்களில் மட்டும், அதுவும் தக்க நேரத்தில், கரையைத் தொட்டு மீளும் வழியே நல்ல கடலோர வழி. அதை வகுக்கத் தரை, ஓதம் (கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும்), காற்று ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து தொடங்குவோம். சரளை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட தரைகள் ஒளிந்திருக்கின்றன. பாறையை உடைத்துப் பரப்பிய சரளையில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கல்லுக்கும் கூரிய முனைகள் இருக்கும். அந்த முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதாலும், இடையில் உள்ள பொடி அவற்றை இறுக்குவதாலும், வண்டிகள் ஓட ஓடப் பாதை கெட்டிப்படும். அலை உருட்டித் தேய்த்த கூழாங்கல்லோ கோலிக்குண்டு போன்றது. எத்தனை ஆண்டு மிதித்தாலும் ஒன்றோடொன்று பிடிக்காது, சக்கரம் அதில் உழுதுகொண்டுதான் போகும். எனவே படத்தில் அழகாகத் தெரியும் கூழாங்கற் கரையை உங்கள் வழியிலிருந்து தயங்காமல் நீக்கிவிடலாம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைப் பயன்படுத்துவோர் ஒரு நுணுக்கத்தை அறிந்திருக்க வேண்டும். அதில் ‘கிராவல்’ என்று குறிக்கப்பட்ட பாதை, அக்குறியின் சரியான பொருளில், ரயில் தண்டவாளத்தின் அடியில் கிடப்பது போன்ற பருங்கல் பரப்பிய பாதையாகும். நாம் விரும்பும் மென்மையான தரை ‘காம்பாக்டட்’ அல்லது ‘ஃபைன் கிராவல்’ என்ற குறிகளின் கீழ் இருக்கும். வண்டித்தடங்களின் உறுதியைக் காட்ட 1 முதல் 5 வரை தரம் பிரித்திருப்பார்கள். 1 மிகக் கெட்டியானது, 5 இளகியது. கடலோரத்தில் 4, 5 என்று கண்டால் மணல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இக்குறிகளைப் பதிவது தன்னார்வலர்கள் என்பதால், செயற்கைக்கோள் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தடத்தின் நடுவில் புல் வரிசை தெரிந்தால், இருபுறமும் சக்கரம் பதியும் அளவுக்குத் தரை உறுதியாக இருக்க வாய்ப்புண்டு. தடம் பல கிளைகளாகப் பிரிந்து அகலமாகத் தெரிந்தால், மணலில் சிக்காமல் இருக்க ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வழி தேடியிருக்கிறார்கள் என்று பொருள்.

கடல் தடுப்புக் கரைகளின் மேல் ஓடும் பராமரிப்புப் பாதை, கால்வாய்க் கரை, கைவிடப்பட்ட ரயில் தடம், கலங்கரை விளக்கத்துக்குச் செல்லும் கிளைப்பாதை, காற்றுத் தடுப்புக்காக நட்ட தோப்புகளுக்குள் செல்லும் வனத்துறைத் தடம் ஆகியவை தேடத்தக்கவை. இவற்றுள் என் முதல் தேர்வு பழைய ரயில் தடம். நீராவி எஞ்சின்களால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அதன் ஏற்றம் பெரும்பாலும் 2 அல்லது 3 விழுக்காட்டைத் தாண்டாது. ஓடைகளின் மேல் பாலமும் அமைந்திருக்கும். தடுப்புக் கரையில் காட்சி சிறப்பாக இருக்கும், ஆனால் ஒதுங்க இடமிராது. அது எங்கே முடிகிறது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை 9 கிலோமீட்டர் உற்சாகமாக ஓட்டிச் சென்ற பின் பூட்டிய மதகுக் கதவின் முன் நின்று, அதே 9 கிலோமீட்டரை எதிர்காற்றில் திரும்பி மிதித்திருக்கிறேன்.

தூரத்தைக் கணக்கிடும்போது முகத்துவாரங்களைத் தனியே எண்ணுங்கள். கண்ணுக்கு எட்டும் அக்கரைக்குப் போக, அருகிலுள்ள பாலம் வரை உள்நாட்டுக்குள் சென்று திரும்ப வேண்டியிருக்கலாம். படகு உண்டென்றால் அது ஓடும் நாளையும் நேரத்தையும், மிதிவண்டியை ஏற்றுவார்களா என்பதையும் உறுதிசெய்த பின்பே அதை நம்புங்கள். கடற்கரையின் நீளம், அளக்கும் கோல் சிறுக்கச் சிறுக்கக் கூடிக்கொண்டே போகும் என்பதை ஆங்கிலேயக் கணிதவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் கவனித்தார். விரலால் வரைபடத்தில் அளந்த 50 கிலோமீட்டர், ஒவ்வொரு வளைகுடாவையும் சுற்றும் சக்கரத்துக்கு 50 ஆக இருக்காது. சுமையுடன் சரளையில் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பதே பாதுகாப்பு.

இனி ஓதம். கரையின் ஈரமணலில் ஓட்டுவது இப்பயணத்தின் பெரிய இன்பம். அதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உலர்ந்த மணல் துகள்களைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. ஈரமணலில் துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர் அவற்றை ஒட்டிவைக்கிறது. நீர் முழுதும் நிரம்பிப் பளபளக்கும் இடத்திலோ மணல் மீண்டும் குழைந்துவிடுகிறது. ஆகவே கெட்டியான பட்டை, உலர்ந்த மேல்மணலுக்கும் பளபளக்கும் கீழ்மணலுக்கும் நடுவில், மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். சமயங்களில் அது இரண்டு மீட்டர் அகலம்கூட இராது.

பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் செல்வதால், நேற்றைய நேரம் இன்று சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆறு மணி நேர ஏற்றத்தில் நீர் சீராக உயர்வதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு என்பது மாலுமிகளின் கைக்கணக்கு. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் வந்துவிடுகிறது. இதனால், வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கரையில் இறங்கி, நீர் திரும்பிய ஒரு மணிக்குள் மேலேறிவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் ஆழமாக இருப்பதால் ஓட்டும் பட்டை அகலமாகும். ஏற்றமும் அதே அளவு பெரிதாக இருக்கும். பின்னால் செங்குத்துப் பாறை இருக்கும் கரையில், வெளியேறும் வழிகளை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமல் இறங்கவே கூடாது. கடலிலிருந்து பலத்த காற்று வீசினால் நீர் அட்டவணை சொல்வதைவிட உயரும். மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் போன்ற இடங்களில் ஓதம் மிகச் சிறியது என்பதால் இக்கணக்கு அங்கே அவ்வளவாகத் தேவைப்படாது.

காற்றைப் பொறுத்தவரை, கரைக்கு இணையாகப் போகும் வழியில் திசையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை வீணாக்காதீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மீது அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால், காற்றின் எதிர்ப்பு காற்றில்லாத நாளைப் போல் நான்கு மடங்காகிறது. அந்தப் பருவத்தில் ஓங்கி வீசும் காற்று எது என்று பார்த்து, அதை முதுகில் வாங்கும்படி தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த நாட்களில் நிலம் சூடேறியதும், முற்பகலிலிருந்து கடற்காற்று கிளம்பிப் பிற்பகலில் உச்சம் தொடும். திறந்த பகுதிகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, பிற்பகலுக்குத் தோப்பு வழியை ஒதுக்கலாம். இன்னொரு சிறு யோசனை: இடப்புறமாகச் செல்லும் நாடுகளில் கடல் இடக்கைப் பக்கம் இருக்கும்படியும், வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் வலக்கைப் பக்கம் இருக்கும்படியும் போனால், சாலையைக் கடக்காமலே நினைத்த இடத்தில் ஒதுங்கி நிற்கலாம். காற்று இதற்கு எதிராக இருந்தால் காற்றின் சொல்லையே கேளுங்கள்.

வண்டிக்கு 40 முதல் 50 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் ஏற்றது. 70 கிலோ எடையுள்ளவர் 45 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயரில் சரளைக்கு 30 பி.எஸ்.ஐ. (டயரின் காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கிப் பார்க்கலாம். மணல் வந்தால் 20-ஐ ஒட்டி இறக்கி, மறுபடி கல்பாதை ஏறியதும் பம்பால் நிரப்பிக்கொள்ள வேண்டும், இல்லையேல் கல் நேரே ரிம்மைத் தாக்கும். மணல் திட்டு தெரிந்ததும் முன்னதாகவே கியரைக் குறைத்து, உடலைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, கைகளைத் தளர்த்தி, மிதிப்பதை நிறுத்தாமல் செல்லுங்கள். முன்சக்கரம் அசையத்தான் செய்யும். அதை அடக்க முயன்று பிரேக்கைத் தொட்டால் விழுவீர்கள்.

குடிநீரைக் கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கக்கூடும். மணற்குன்றுகளின் மேல் ஒருபோதும் ஓட்டாதீர்கள்; அவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கும் செடிகள் ஒரு சக்கரத் தடத்திலேயே அறுபடும். பறவைகளும் ஆமைகளும் முட்டையிடும் காலத்தில் மூடப்படும் கரைகள் பல உண்டு. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய ஓட்டம் முடிந்ததும், குளிப்பதற்கு முன் வண்டியைக் குளிப்பாட்டுங்கள். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், உலர்ந்ததாகத் தெரியும் செயினிலும் இரவு முழுதும் துரு வேலை செய்துகொண்டிருக்கும். நன்னீரை மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும்; அழுத்தத்துடன் பீய்ச்சினால் உப்பும் மணலும் பேரிங்குகளுக்குள் போய்விடும். பிறகு செயினைத் துணியால் ஒற்றி, முழுதும் உலர்ந்த பின் எண்ணெயிட்டு, மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட எண்ணெயில் மறுநாள் ஒட்டும் குருமணல் பல்சக்கரங்களை அரம் போல் அராவும். எஃகுச் சட்டத்தில் அலுமினிய சீட் போஸ்ட் உள்ளவர்கள், பயணத்துக்கு முன்பே அதை உருவிக் கிரீஸ் தடவி வைத்துக்கொள்ள வேண்டும். உப்பு ஈரத்தில் அவ்விரு உலோகங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால், பின்னர் எந்தப் பட்டறையிலும் அதைப் பிரிப்பது எளிதல்ல.